வெனிஸில் ரூம் போடணுமா? முதலில் சலவைப் படகைப் பாருங்கள்!

காலை ஆறு மணிக்கு வெனிஸின் கன்னரேஜோ பகுதியில் ஏதாவது ஒரு பாலத்தின் மேல் போய் நின்று பாருங்கள். போஸ்டரில் பார்த்த கொண்டோலா ஒன்றுகூடக் கண்ணில் படாது. அதற்குப் பதிலாகச் சரக்குப் படகுகள் டுக்டுக்கென்று வரிசைகட்டி வரும். ஒன்றில் தண்ணீர் பாட்டில் கட்டுகள், ஒன்றில் தக்காளிக் கூடைகள், இன்னொன்றில் ஒரு பிரிட்ஜும் அதற்குத் துணையாக ஒரு சோபாவும்! அந்த வரிசையில்தான் நம்ம கதாநாயகனும் வருவார். தளம் முழுக்க வெள்ளை வெளேரென்று மூட்டைகளை அடுக்கிக்கொண்டு ஒரு சலவைப் படகு!

அந்த மூட்டைகளுக்குள் இருப்பது ஊரிலுள்ள விடுதிகளின் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், துண்டுகள். இந்த ஊரில் கார் கிடையாது, லாரி கிடையாது, சைக்கிள் ஓட்டக்கூட அனுமதி இல்லை. நேற்று ராத்திரி நீங்கள் படுத்து உருண்ட விரிப்பு துவைத்து வர வேண்டுமென்றால், மாடியிலிருந்து தோளில் இறங்கி, தள்ளுவண்டியில் ஏறி, பாலங்களைத் தாண்டி, படகு பிடித்துத்தான் போக வேண்டும். திரும்பி வருவதும் அப்படியே. பிரஷ்ஷான துண்டு என்று நாம் சாதாரணமாக முகம் துடைக்கிறோமே, அதற்குப் பின்னால் இத்தனை பெரிய கடற்பயணம்!

அந்த மூட்டையைக் கடைசிவரை பின்தொடர்ந்துவிட்டால், குடும்பத்தோடு போய்த் தங்க எந்த விடுதி நல்லது என்பதும் பளிச்சென்று தெரிந்துவிடும். அது போகிற வழியில்தானே உங்கள் சூட்கேசும், குழந்தையும், மூட்டுவலிக்கார அம்மாவும் போகப்போகிறார்கள்! அதனால் வாங்க, பின்னாலேயே போவோம்.

படகோட்டிக்கு முதல் கவலை கடல் ஏற்ற இறக்கம். தண்ணீர் ஏறிவிட்டால் தாழ்வான பாலங்களுக்கு அடியில் படகு நுழையாது. ரொம்ப இறங்கிவிட்டால் ஒடுக்கமான கால்வாய்களில் தரை தட்டும். ஆகவே எந்தத் தெருவுக்கு எந்த நேரம் என்பதை ஓதப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். பழைய மாளிகைகளுக்கெல்லாம் கால்வாய்ப் பக்கம் ஒரு நீர்வாசல் உண்டு. பிரபுக்களும் வணிகர்களும் படகிலிருந்து இறங்கிய தலைவாசலே அதுதான். சந்துப் பக்கம் இருப்பது புழக்கடை மாதிரி. அந்த மாதிரி மாளிகை இன்றைக்குப் பெரிய ஹோட்டலாகியிருந்தால், பிரபு இறங்கிய அதே படியில் நம் சலவை மூட்டை ஜம்மென்று போய் இறங்கும்!

நம் பட்ஜெட்டுக்கு அடங்கும் சின்ன விடுதிகளில் பலவற்றுக்கு நீர்வாசல் இருக்காது. சந்துக்குள் சந்து, அதற்குள் ஒரு மரக்கதவு, பக்கத்தில் பித்தளை மணிப் பொத்தான், அவ்வளவுதான். அங்கே படகு கால்வாய்க் கரையோடு நின்றுவிடும். மிச்ச தூரத்துக்குத் தள்ளுவண்டி. அந்த வண்டியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள், அபாரமான சாமான் அது! பின்னால் இரண்டு பெரிய சக்கரங்கள். முன்னால் துருத்திக்கொண்டு இரண்டு குட்டிச் சக்கரங்கள். பாலத்தின் படி வந்ததும் வண்டிக்காரர் கைப்பிடியை லேசாக அழுத்துவார். குட்டிச் சக்கரம் எழும்பி மேல்படியில் உட்காரும். ஒரு தம் பிடித்துத் தள்ளினால் பெரிய சக்கரமும் ஏறிவிடும். டக்... டக்... டக்... படிப்படியாக ஏறும்போதே "அத்தென்த்சியோனே!" என்று ஒரு குரல் கொடுப்பார். கவனம், ஒதுங்குங்கள் என்று அர்த்தம். குழந்தைகளைக் கையோடு இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். வண்டி நம் மூக்கு நுனியை உரசுகிற தூரத்தில் போகும்!

உங்கள் சூட்கேசுக்கு அந்தக் குட்டிச் சக்கரம் கிடையாது என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் "ரயில் நிலையத்திலிருந்து 400 மீட்டர்" என்று போட்டிருப்பதை நம்பிப் பணம் கட்டக் கூடாது. நடுவில் எத்தனை பாலம் என்று எண்ண வேண்டும். ஊரில் நானூறுக்கு மேல் பாலங்கள். பெரும்பாலானவற்றில் இரண்டு பக்கமும் படிக்கட்டு. இரண்டு பெரிய பெட்டி, ஒரு தள்ளுநாற்காலி, தூங்கிப்போன ஒரு மூன்று வயசு என்று கிளம்பும் குடும்பத்துக்கு, பாலமே இல்லாத 600 மீட்டர் சொர்க்கம். மூன்று பாலமுள்ள 200 மீட்டரில் அழுகைச் சத்தம் கேட்கும்.

இதனாலேயே சாந்தா லூசியா ரயில் நிலையத்துக்கு இடது கைப்பக்கம் எனக்கு ரொம்பப் பிரியம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே பெரிய கால்வாய் பளபளக்கும். வாயைப் பிளந்து பார்த்து முடித்ததும் இடது பக்கம் திரும்புங்கள். லிஸ்தா தி ஸ்பான்யா என்ற தெரு. குலியே பாலம் வரும்வரைக்கும் ஒரு படிகூட ஏற வேண்டாம்! ஒரு நட்சத்திர, இரண்டு நட்சத்திர விடுதிகள் இங்கேயும் பக்கத்துச் சந்துகளிலும் நெருக்கமாக இருக்கின்றன. தெரு அழகு கொஞ்சம் மட்டுதான்; நினைவுப் பொருள் கடைகளும் சுற்றுலாக் கூட்டமுமாக இருக்கும். ஆனால் சற்றுத் தள்ளி சவோர்ஞான் பூங்கா இருக்கிறது, அதில் குழந்தைகளுக்கு ஊஞ்சல் சறுக்குமரம் எல்லாம் உண்டு. கல்லும் தண்ணீருமாக இருக்கும் ஊரில் மண்ணும் மரமும் கிடைத்தால் பிள்ளைகள் எப்படி ஓடுகிறார்கள் தெரியுமா!

எதிர்க்கரையில் சாந்தா குரோச்சே பகுதி. அதில் சான் ஜாக்கொமோ தெல்லோரியோ என்ற சதுக்கத்தைச் சுற்றி அறை கிடைத்தால் யோசிக்காமல் போடலாம். மர நிழல், பெஞ்சுகள், பள்ளி விட்டதும் பந்து உதைக்க வரும் உள்ளூர்ப் பிள்ளைகள். மொழி தெரியாவிட்டாலும் பந்து வந்தால் உங்கள் பிள்ளையும் உதைப்பான். கிழக்குக் கோடியில் கஸ்தெல்லோவின் சாந்தெலேனாப் பக்கமும் பூங்காவும் அமைதியுமாக அருமை. ரயில் நிலையத்திலிருந்துதான் தூரம். தொர்சொதூரோவில் சாந்தா மார்கெரித்தா சதுக்கம் மாணவர்களின் கோட்டை. ராத்திரி கலகலப்பு வேண்டும் என்றால் சரி, ஒன்பது மணிக்குத் தூங்கும் பிள்ளை இருந்தால் வேண்டாம்.

பாலங்களைப் பற்றி இன்னொரு ரகசியம். அக்டோபர் இறுதியில் வெனிஸ் மாரத்தான் நடக்கும். ஓட்டக்காரர்கள் படியேற முடியுமா? அதனால் சாத்தெரே கரையிலிருந்து சான் மார்க்கோவைத் தாண்டி ஓட்டம் போகிற வழியில் உள்ள பாலங்களின் மேல் மரப் பலகைச் சரிவுகளைப் போட்டுவிடுகிறார்கள். ஓட்டம் முடிந்த பிறகும் பல மாதங்களுக்கு அவற்றை எடுப்பதில்லை. குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு, குழந்தை வண்டியும் சக்கர நாற்காலியும் பாலமேறிப் போகும் அதிசயம் அந்தக் கரையில் இலவசம்!

சரி, மூட்டை வாசலுக்கு வந்துவிட்டது. கதவு திறப்பதற்குள் நிலையின் இரண்டு பக்கமும் கீழே பாருங்கள். சுவரோடு ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு, இரண்டு உலோகக் காடிகள் இருக்கிறதா? கடல் பொங்கும் நாட்களில் அந்தக் காடியில் ஒரு தகட்டுப் பலகையைச் செருகி வாசலை அடைத்துவிடுவார்கள். 2019 நவம்பர் 12 அன்று தண்ணீர் 187 சென்டிமீட்டர் ஏறியது, 1966இல் 194. 2020 அக்டோபரில் மோசே தடுப்புக் கதவுகள் வெள்ளத்தைத் தடுக்க முதன்முதலாக எழுப்பப்பட்ட பிறகு அந்த அளவுக்குப் பயமில்லை. பொதுவாக 110 சென்டிமீட்டர் வரும் என்று கணித்தால் கதவுகளைத் தூக்கிவிடுகிறார்கள். ஆனால் சான் மார்க்கோ சதுக்கம் அதற்கு முன்பே நனையத் தொடங்கிவிடும். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் போகிறவர்கள் தரைத்தள அறையைத் தவிர்ப்பது நல்லது. வெள்ளமே வராவிட்டாலும் ஈரம் சுவரில் ஊறி நிற்கும்.

உள்ளே போனால் ஆனந்தம்! சின்ன வெனிஸ் விடுதிகளில் பல, பக்கத்துப் பக்கத்து வீடுகளை ஒன்றாகச் சேர்த்து உண்டாக்கியவை. இந்த வீட்டின் இரண்டாம் மாடியும் அந்த வீட்டின் இரண்டாம் மாடியும் ஒரே உயரத்தில் இருக்காது. அதனால் நடையில் திடீரென்று மூன்று படி ஏறும், திரும்பினால் இரண்டு படி இறங்கும். தரையில் பளிங்குச் சில்லுகளைப் பதித்து இழைத்த தெராத்சோ. கட்டடம் மரக்கழிகளின் மேல் நின்று நூற்றாண்டுகளாக மெல்ல மெல்ல அமர்ந்திருப்பதால் தரையும் லேசாகச் சாய்ந்திருக்கும். கை நழுவிய கோலிக்குண்டு தானாக மூலைக்கு ஓடும். பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டே வேண்டாம்!

ஆனால் லிப்ட் இருக்குமா? பழங்காலக் கட்டடங்களை இஷ்டத்துக்கு இடித்து மாற்ற முடியாது என்பதால் மலிவு விடுதிகளில் பெரும்பாலும் இருக்காது. வெள்ளை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அறை சுத்தம் செய்யும் அக்கா மூச்சுவாங்க ஏறுகிற அந்தக் குறுகலான படிக்கட்டுதான் உங்களுக்கும். அறை எந்த மாடியில் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். இத்தாலியில் தரைத்தளத்துக்கு அடுத்துத்தான் முதல் மாடி, நம்மூர்க் கணக்குத்தான். பழைய மாளிகைகளில் மாடி உயரம் அதிகம், அதனால் மூன்றாம் மாடி என்றால் நம்மூர் நாலு மாடி அளவுக்கு ஏற வேண்டியிருக்கலாம். பரண் அறை என்றால் ஓட்டுச் சரிவும் உத்தரமும் அழகாகத்தான் இருக்கும். அப்பா உயரமானவராக இருந்தால் நெற்றியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

குடும்ப அறை எப்படி உருவாகிறது என்பதை உள்ளிருந்து பார்த்தால்தான் புரியும். நாலு பேர் அறை என்று விளம்பரத்தில் இருப்பதில் மூன்று வகை உண்டு. முதல் வகை நிஜமாகவே பெரிய கூடம். ஓர் இரட்டைக் கட்டில், இரண்டு ஒற்றைக் கட்டில். அடுத்தது, இரட்டைப் படுக்கை அறையில் ஒரு சோபாக் கட்டிலை இழுத்து விரிப்பது. விரித்த பிறகு குளியலறைக்குப் போகக் கட்டில் மேல் ஏறித்தான் தாண்ட வேண்டியிருக்கும். மூன்றாவது, ஒரே கதவுக்குள் இரண்டு சின்ன அறைகள். எனக்கு இந்த மூன்றாவதுதான் ரொம்பப் பிடிக்கும். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு மறுநாள் என்ன பார்க்கலாம் என்று குசுகுசுவென்று பேசலாம். எந்த வகை என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அறை எத்தனை சதுர மீட்டர், கட்டில் என்னென்ன என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். தொட்டில் கட்டில் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும். சின்ன விடுதியில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், இன்னொன்று வர வேண்டுமானால் அதுவும் படகில்தானே வர வேண்டும்! கோடையில் போனால் ஜன்னலுக்குக் கொசுவலை உண்டா என்றும் கேளுங்கள். சுற்றிலும் காயல்.

அடுத்தது கால்வாய் பார்த்த அறை. ஆஹா, ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்! இதற்குக் கூடுதல் காசும் வாங்குவார்கள். ஆனால் விடியற்காலையில் நாம் பார்த்தோமே, டுக்டுக் படகுகள், பாட்டில் கட்டுகள், மூட்டைகள், படகோட்டிகளின் காலைக் கச்சேரி... அத்தனையும் அந்த ஜன்னலுக்கு நேர்கீழேதான். கால்வாய் இந்த ஊரின் லாரி ரோடு! ஐந்தரைக்கே கண்விழித்து ஜன்னலில் தொங்கும் பிள்ளைகள் என்றால் அந்தக் காசு தகும், தினமும் ஒரு திருவிழா. தூங்க வேண்டிய கைக்குழந்தை என்றால் உள்முற்றம் பார்த்த அறையைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் விலையும் குறைவு, எதிர்வீட்டுக் கொடியில் துணி காய்கிற காட்சியும் கிடைக்கும்.

தீவுக்குள் தங்குவதா, ஊரை நிலப்பரப்போடு சேர்க்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் மெஸ்த்ரேயில் தங்குவதா என்பது பெரிய கேள்வி. மெஸ்த்ரேக்குச் சலவை மூட்டை லாரியில் வருகிறது. விலை இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். லிப்ட், அகலமான அறை, நிஜமான நாலு பேர் அறை எல்லாம் அங்கே சுலபமாகக் கிடைக்கும். மெஸ்த்ரே நிலையத்திலிருந்து ரயிலேறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சாந்தா லூசியா, டிக்கெட் ஆளுக்கு இரண்டு யூரோவுக்கும் கீழே. டிராமும் பஸ்ஸும் தீவு முனையிலுள்ள பியாத்சாலே ரோமா வரை வரும். நாலைந்து பேர், ஒரு வாரம், பணம் இறுக்கம் என்றால் மெஸ்த்ரேதான் சரி, இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

பக்கத்துத் தீவுகளில் போய்த் தங்குவதில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். லிடோவிலும் ஜியுதெக்காவிலும் சில சமயம் அறை மலிவாகக் கிடைக்கும். ஆனால் நீர்ப்பேருந்தான வப்போரெத்தோவில் 75 நிமிடச் சீட்டு ஒன்று 9.50 யூரோ. பெற்றோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு தடவை ஏறினால் 38 யூரோ! அறையில் மிச்சம் பிடித்தது தண்ணீரோடு போய்விடும். ஆறு வயதுக்குள் இலவசம். 6 முதல் 29 வயது வரை உள்ளவர்கள் 6 யூரோ கொடுத்து ரோலிங் வெனிஸ் அட்டை வாங்கிவிட்டால் மூன்று நாள் பாஸ் 45க்குப் பதில் 27 யூரோவுக்குக் கிடைக்கும். பெரிய பிள்ளைகள் இருந்தால் இதை மறக்கவே கூடாது. நடந்தே சுற்றுகிற இடத்தில் தங்கினால் பாஸ்கூட வேண்டாம். பெரிய கால்வாயைக் கடக்க மட்டும் த்ரகெத்தோ என்ற துடுப்புப் படகு இருக்கிறது. இரண்டு யூரோவுக்குக் கொண்டோலா மாதிரியான படகில் ஒரு நிமிடச் சவாரி. பிள்ளைகள் குதிக்கும் குதி இருக்கிறதே!

விடுதிக் கட்டணத்துக்கு மேல் நகராட்சித் தங்கல் வரி தனியாக உண்டு, நட்சத்திரத்தையும் பருவத்தையும் பொறுத்து மாறும். பத்து வயதுக்குள் இல்லை, அதற்கு மேல் பதினாறு வரை பாதி. 2024இல் தொடங்கிய பகல்நேர நுழைவுக் கட்டணம் வெனிஸிலோ மெஸ்த்ரேயிலோ இரவு தங்குகிறவர்களுக்குக் கிடையாது. கட்டணம் உள்ள தேதிகளில் விலக்குச் சீட்டை மட்டும் ஆன்லைனில் பதிந்து கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மலிவு விடுதிகளிலேயே என் மனசை அள்ளியவை திருச்சபைகள் நடத்தும் விருந்தினர் இல்லங்கள். கஸ்தெல்லோவில் சாந்தா மரியா ஃபொர்மோசா சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஃபொரெஸ்தெரியா வால்தேசே இருக்கிறது. வால்டென்சிய புராட்டஸ்டண்ட் திருச்சபையினருடையது. இருப்பதோ கவான்யிஸ் என்ற பழைய மாளிகையில்! அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் ஓவியம், குனிந்து பார்த்தால் கால்வாய். பல கட்டில் அறையும் உண்டு, குடும்ப அறையும் உண்டு. இதுபோல கன்னியர் மடங்கள் நடத்துகிற இல்லங்களும் ஊரில் இருக்கின்றன. எளிமையான அறை, துடைத்துவைத்த தரை. சிலவற்றில் ராத்திரி இத்தனை மணிக்குக் கதவு அடைப்போம் என்ற விதி உண்டு. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் எப்படியும் அதற்கு முன்பே வந்து படுத்துவிடுவார்கள்.

என் ஓட்டு எதற்கு என்று கேட்டால், நாலு ராத்திரியையும் மெஸ்த்ரேயில் போடாமல், ஒன்றையாவது தீவுக்குள் போடுங்கள் என்பேன். ஒரு நட்சத்திரமானாலும் சரி, குளியலறை நடையின் கடைசியில் இருந்தாலும் சரி. பகல் கூட்டமெல்லாம் ரயிலேறிப் போன பிறகுதான் ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு சதுக்கத்துக்கு வருவார்கள், கிழவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசுவார்கள், பிள்ளைகள் சுவரையே கோல் போஸ்டாக்கிப் பந்தடிப்பார்கள்.

போடுவதற்கு முன்னால் விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் தட்டுங்கள். எந்தப் படகுத்துறையில் இறங்க வேண்டும், அங்கிருந்து எத்தனை பாலம், அறை எந்த மாடி, ராத்திரி எத்தனை மணிவரை வரவேற்பில் ஆள் இருப்பார், அறை தயாராகும் முன்பே வந்தால் பெட்டியை வைத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பினால் திண்டாட்டம்தான். வெனிஸில் கதவு எண் தெருவாரியாக இல்லை. பேட்டை முழுமைக்கும் ஒரே வரிசையாக ஆயிரக்கணக்கில் ஓடும், பக்கத்து எண் அடுத்த சந்தில் இருக்கும். படகுத்துறையிலிருந்து வலது கை திரும்பு, கிணற்றைத் தாண்டு, வளைவுக்குள் நுழை என்று பாசமாக எழுதி அனுப்புகிற விடுதியைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கலாம். தினமும் மூட்டை வருகிற வழி அவர்களுக்குத்தானே அத்துபடி!

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். காலை உணவு மேசையில் ரொம்ப நேரம் உட்காராதீர்கள். காலையில் குப்பை சேகரிப்பவர்கள் வீடு வீடாக மணி அடித்து, பைகளை இரும்புத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு கால்வாய்க்குப் போவார்கள். அங்கே காத்திருக்கும் படகிலிருந்து ஒரு கிரேன் கை நீளும். முழு வண்டியையும் அந்தரத்தில் தூக்கும். படகுக்கு மேலே வந்ததும் வண்டியின் அடிப்பாகம் பட்டென்று இரண்டாகத் திறந்து அத்தனையும் உள்ளே கொட்டும்! டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது. குரோசானைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளைப் பாலத்துக்கு ஓட்டிக்கொண்டு போங்கள், பாதி ஆட்டம் முடிந்திருக்கும்!